குறுமுனி தூக்கிய கதவு

மூன்று வாரங்களுக்கு முன்னால் எங்கள் டி அண்ட் டி ஆட்டத்தில் ஒரு கதவு வந்தது. டி அண்ட் டி என்றால் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்; மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கற்பனைக் கேரக்டரை வைத்துக்கொண்டு, பகடை உருட்டிக் கதை ஆடும் விளையாட்டு. சுரங்கப் பாதையின் முடிவில், மேலிருந்து இறங்கி வழியை அடைக்கும் கட்டம் போட்ட மரக்கதவு. கீழ் விளிம்பில் வரிசையாக இரும்பு முனைகள். பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டு வருகிறது. கதவைத் தூக்கினால் பிழைக்கலாம்.

என் தம்பியின் கேரக்டர் பெயர் வேங்கை. ஐந்தாம் லெவல் பார்பேரியன், அதாவது முரட்டுச் சண்டைக்காரன், ஆறரை அடி உயரம், ஸ்ட்ரெங்த் என்கிற பலப் புள்ளி 20. அந்த விதிகளில் ஒரு கேரக்டர் சாதாரணமாக எட்டக்கூடிய உச்சம் அதுதான். தம்பி மனைவியின் கேரக்டர் குறுமுனி. நாலடியைத் தொடாத, நோம் என்கிற குள்ள இனத்து மந்திரவாதி, ஸ்ட்ரெங்த் 8. பெயருக்கேற்ற உருவம், தாடி, கையில் கமண்டலம் எல்லாம் உண்டு. நான் டிஎம், அதாவது கதையை நடத்துகிறவள்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று சொல்லிக்கொண்டே தம்பி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். மந்திரமும் பூட்டுத் திறப்பும் மட்டுமே பெயர் வாங்கிக்கொண்டிருந்த ஆட்டத்தில், இரண்டு மாதம் கழித்து அவனுக்கென்று ஒரு வேலை வந்திருந்தது. இருபது பக்கப் பகடையில் விழுவதையும் கேரக்டரின் கூட்டலையும் சேர்த்து எட்ட வேண்டிய இலக்கு 15 என்றேன். ஸ்ட்ரெங்துக்கு 5, அத்லெடிக்ஸ் பயிற்சிக்கு 3, ஆக மொத்தம் 8 கூட்டிக்கொள்ளலாம். பகடையில் 7 விழுந்தால் போதும்.

4 விழுந்தது.

ரேஜ் என்கிற பார்பேரியன் வெறி கையில் இருந்திருந்தால் இரண்டு பகடை போட்டு நல்லதை எடுத்திருப்பான். கிடைக்கிற மூன்று தடவையையும் முந்தைய சண்டையிலேயே தீர்த்திருந்தான்.

"அண்ணி, நான் ஒரு தடவை போட்டுப் பாக்கட்டா?" என்றாள் தம்பி மனைவி. விளையாட்டுக்குத்தான் கேட்டாள். நானும் விளையாட்டாகத்தான் சரி என்றேன். 18 விழுந்தது. அவளுக்குக் கூட்டல் கிடையாது, ஒன்று கழிக்க வேண்டும். 17. கதவு மேலே போய்விட்டது.

சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது. தம்பியும் சிரித்தான். ஆனால் அப்புறம் ஆட்டம் முடியும்வரை தன் கேரக்டர் தாளின் ஓரத்தில் ரப்பரால் எதையோ அழித்துக்கொண்டே இருந்தான். அங்கே அழிப்பதற்கு ஒன்றும் இல்லை. கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்: "ஏன்க்கா, அவ தாடியால தூக்கினாளா?"

அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேங்கை தோற்க 30 சதவீதம், குறுமுனி ஜெயிக்க 25 சதவீதம். இரண்டும் சேர்ந்து நடக்க ஏழரை சதவீதம். ஏழரை பிடித்தால் பார்பேரியனும் தப்ப முடியாது போல. ஆனால் ஏழரை என்பது சின்ன எண் இல்லை. இப்படிப் பதிமூன்று கதவு வைத்தால் அதில் ஒன்றில் இந்தக் கூத்து நடக்கும். இரண்டு பேரையும் கை மல்லுக்கு உட்கார வைத்து, வெறும் ஸ்ட்ரெங்தை மட்டும் வைத்து ஆளுக்கொரு பகடை போடச் சொன்னால் இன்னும் மோசம். 400 வழிகளில் 91ல் குறுமுனிதான் ஜெயிக்கிறார். கிட்டத்தட்ட நாலில் ஒன்று. ஆறரை அடி ஆளின் கையை நாலடி ஆள் மேஜையில் சாய்ப்பது நாலு தடவைக்கு ஒரு தடவை நடக்கும் உலகம் எப்படிப்பட்ட உலகம் என்று யோசித்துப் பாருங்கள்.

இது எனக்கு இவ்வளவு உறுத்துவதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. நான் நாலு வருஷமாகப் பளு தூக்குகிறேன். போட்டிக்கெல்லாம் போவதில்லை. முதுகுவலி போகட்டும் என்று ஆரம்பித்தேன், வலி போனது, பழக்கம் ஒட்டிக்கொண்டது. டெட்லிஃப்ட், அதாவது தரையில் கிடக்கும் பாரைக் குனிந்து பிடித்து நிமிர்ந்து நிற்பது, அதில் என்னுடைய உச்சம் 110 கிலோ. ஒவ்வொரு நாளும் தூக்கியதை நோட்டில் எழுதி வைக்கிறேன். அந்த நோட்டைப் புரட்டினால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். 100 கிலோவை நான் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. தூக்கம் கெட்ட நாளிலும், சளி பிடித்த நாளிலும், மனசே சரியில்லாத நாளிலும் அது மேலே வந்திருக்கிறது. 115ஐ ஒரு நாளும் தூக்கியதில்லை. இழுத்தால் தட்டுகளுக்குள் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும், பார் லேசாக வளையும், அவ்வளவுதான். பாருக்கும் தரைக்கும் நடுவில் ஒரு தாளை நுழைக்க முடியாது. இன்னும் இருபது தடவை இழுத்தாலும் நுழைக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் முந்தின தடவையைவிட பலம் குறைவாகத்தான் இருக்கும்.

எனக்கும் பகடைக்கும் சம்பந்தம் இருப்பது 105க்கும் 112க்கும் நடுவில் மட்டும்தான். அந்த ஏழு கிலோ இடுக்கில் நல்ல நாள், கெட்ட நாள் எல்லாம் உண்டு.

பூட்டு திறப்பதில் கை கொஞ்சம் வாட்டமாக அமைய வேண்டும். பொய் சொல்வதில் கேட்பவரின் மனநிலை ஒத்துழைக்க வேண்டும். அம்பு விடுவதில் காற்று இருக்கிறது. மனிதன் செய்யும் காரியங்களிலேயே அதிர்ஷ்டத்துக்கு ஆகக் குறைவாக இடம் விடுவது பளு தூக்குவதுதான். அதைப் போய் 1 முதல் 20 வரை எல்லா எண்ணும் சமமாக விழுகிற பகடையிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். பலசாலிக்கும் சோனிக்கும் உள்ள வித்தியாசம் ஆறு புள்ளி, பகடையின் ஆட்டம் பத்தொன்பது புள்ளி. இதில் யார் எஜமான் என்று சொல்ல வேண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால் அதே புத்தகத்தில் பகடையே இல்லாத இன்னொரு விதியும் இருக்கிறது. நாங்கள் ஆடும் ஐந்தாம் பதிப்பில், ஸ்ட்ரெங்தை 15ஆல் பெருக்கினால் சுமக்கக்கூடிய எடை, 30ஆல் பெருக்கினால் தள்ள, இழுக்க, தூக்கக்கூடிய எடை. இரண்டும் பவுண்டில். வேங்கைக்கு 600 பவுண்டு, அதாவது 272 கிலோ. குறுமுனிக்கு 240 பவுண்டு, 109 கிலோ. நோம் சின்ன உருவம்தானே, அதற்குக் கழிவு உண்டா என்றால் கிடையாது. ஒரே அத்தியாயத்தை இரண்டு பேர் தனித்தனி அறையில் உட்கார்ந்து எழுதியது போல இருக்கிறது. ஒருவர் பலம் என்றால் கிலோ என்கிறார், மற்றவர் பலம் என்றால் பகடை என்கிறார்.

நான் கதவு வைத்தபோது இந்தக் கிலோ விதியை எடுத்திருக்க வேண்டும். கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. இரண்டு மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம், ஆறு சென்டிமீட்டர் தடிமன் என்றால் 0.3 கன மீட்டர். ஓக் மரம் கன மீட்டருக்கு ஏறத்தாழ 700 கிலோ, ஆக 210. கட்டம் போட்ட கதவு, பாதி ஓட்டை, அதனால் 105. இரும்புப் பட்டைக்கும் முனைகளுக்கும் 75 சேர்த்தால் 180 கிலோ. வேங்கை பேசிக்கொண்டே தூக்கலாம். குறுமுனி தொங்கிப் பார்க்கலாம். உண்மையான கோட்டைக் கதவு இதைவிடப் பெரியது, எடையும் அதற்கேற்றபடி எகிறும், அதனால்தான் அதை ஏற்றி இறக்க மேலே உருளை வைத்துச் சுற்றினார்கள். ஆனால் நான் வைத்தது சுரங்கப் பாதைக் கதவு, 180 போதும்.

சரி, அந்தக் கிலோ விதியாவது நிஜத்தோடு ஒத்துப்போகிறதா? என்னையே அதில் நிறுத்திப் பார்த்தேன். 110 கிலோ என்றால் 242 பவுண்டு. 30ஆல் வகுத்தால் எட்டே சொச்சம். நாலு வருஷம் வியர்வை சிந்திச் சேர்த்த ஸ்ட்ரெங்த் 8! தாடியும் கமண்டலமும் இல்லாத குறுமுனி நான். முதல் நாள் 40 கிலோவைத் தூக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. அது கணக்குப்படி ஸ்ட்ரெங்த் 3. மூன்று ஆறு பக்கப் பகடை உருட்டி மூன்றிலும் ஒன்று விழுந்தால்தான் 3 வரும், 216ல் ஒரு தடவை. அப்படி விழுந்தால் ஆட்டக்காரர்கள் அந்தக் கேரக்டரைப் பார்த்து "ஐயோ பாவம்" என்பார்கள். நான் அன்றைக்கு நல்ல ஆரோக்கியமாகத்தான் இருந்தேன், நம்புங்கள்.

அந்தப் பக்கம் போனால் நேர் எதிர். 2020ல் ஐஸ்லாந்தின் ஹாஃப்தோர் பியோர்ன்சன் 501 கிலோவை டெட்லிஃப்ட் செய்தார். அதற்கு நாலு வருஷம் முன்னால் எடி ஹால் 500 கிலோ. ஐந்தாம் பதிப்பின் கணக்கில் 501 கிலோவுக்கு ஸ்ட்ரெங்த் கிட்டத்தட்ட 37 வேண்டும், அரக்கர்களுக்கே 30தான் உச்சவரம்பு. உருவம் பெரிதானால் எடை இரட்டிக்கும் என்று விதி இருப்பதால் அரக்கர்கள் தப்பித்தார்கள். மனிதர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஆக, சாதாரண ஆட்களுக்கு வாரி வழங்குகிறது, மகா பலசாலிகளிடம் கஞ்சத்தனம் பிடிக்கிறது. ஸ்ட்ரெங்த் 10 இருக்கிற எந்தப் பூசாரியும் 68 கிலோ மூட்டையோடு நாளெல்லாம் நடக்கலாம், வேகம்கூடக் குறையாது. சுமை ஏற ஏற நடை தளரும் என்று ஒரு கடுமையான விதியும் விருப்பத்துக்கு உண்டு. நான் உட்கார்ந்த எந்த மேஜையிலும் யாரும் அதை விரும்பியதில்லை.

தாண்டுவது இன்னும் தமாஷ். ஓடிவந்து நீளம் தாண்டினால் ஸ்ட்ரெங்த் எவ்வளவோ அவ்வளவு அடி. உயரம் தாண்டினால் 3 அடியோடு ஸ்ட்ரெங்தின் கூட்டல். வேங்கைக்கு நீளம் 20 அடி, உயரம் 8 அடி. மைக் பவல் 1991ல் தாண்டியது 8.95 மீட்டர், 29 அடிக்கு மேல். ஹவியர் சோட்டோமேயர் 1993ல் தாண்டியது 2.45 மீட்டர், 8 அடிக்கு ஒரு விரல் தடிமன் கூடுதல். அதாவது நீளத்தில் வேங்கை கல்லூரிப் போட்டியில்கூடத் தேறமாட்டான், உயரத்தில் உலக சாதனைக்குப் பக்கத்தில் நிற்கிறான். அதுவும் கோடரி, மூட்டையோடு. இரண்டு விதியும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன.

பழைய பதிப்புகளை எடுத்துப் பார்த்தபோது ஒரு ஆச்சரியம். 1978ல் வந்த அட்வான்ஸ்ட் டி அண்ட் டி கையேட்டில் கம்பி வளைக்கவும் கதவு தூக்கவும் என்றே தனியாக ஒரு சதவீதம் போட்டிருக்கிறார்கள். ஸ்ட்ரெங்த் 8 என்றால் 1 சதவீதம். 10 என்றால் 2. 18 என்றால் 16. வீரர் வகுப்புக்கு மட்டும், 18 விழுந்தால் அதற்கு மேல் நூறு வரை இன்னொரு பகடை உண்டு, அதில் உச்சத்தைத் தொட்டவருக்கு 40 சதவீதம். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஒரு கம்பியில் ஒரே ஒரு முயற்சிதான் என்பது. ஒரு தடவை முடியவில்லை என்றால் உன்னால் முடியாது, போய் வேறு வழி பார். அந்த 115 கிலோ பார் எனக்குச் சொல்வதும் அதேதான். அந்த விதியில் உச்ச பலம் கொண்ட வேங்கை தோற்று, அதே கதவைக் குறுமுனி தூக்க வாய்ப்பு 0.6 சதவீதம். ஏழரை எங்கே, இது எங்கே.

அதே கையேட்டில் பெண் கேரக்டர்களின் பலத்துக்குத் தனியாக ஒரு வரம்பும் இருந்தது. மனிதப் பெண் 18க்கு மேல் அந்த நூறு பகடையில் 50ஐத் தாண்டக்கூடாது. நெருப்பு உமிழும் டிராகன், சுவருக்குள் நடக்கும் பூதம், கண்ணால் கல்லாக்கும் பல்லி எல்லாம் இருக்கிற ஆட்டத்தில் யதார்த்தத்துக்காக ஒருவர் கவலைப்பட்டது இந்த ஒரு இடத்தில்தான் போலிருக்கிறது. 1989ல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த வரம்பு இல்லை. நல்லது.

இரண்டாம் பதிப்பு தலைக்கு மேல் தூக்கும் எடையைத் தனியாகக் கொடுத்தது. மனித உச்சத்துக்கு 480 பவுண்டு, 218 கிலோ. ஜார்ஜியாவின் லாஷா தலகாட்ஸே 2021ல் தலைக்கு மேல் தூக்கியது 267 கிலோ. நிஜம் இங்கும் முந்திவிட்டது, ஆனாலும் அடித்துக்கொள்கிற தூரம் இல்லை. தரையிலிருந்து நிமிர்வதும் தலைக்கு மேல் கொண்டுபோவதும் வேறு வேறு என்று ஒரு விதி ஒத்துக்கொண்டதே பெரிய விஷயம்.

ஏனென்றால் 'தூக்கு' என்பது ஒரே வினை இல்லை. தலகாட்ஸே 267, பியோர்ன்சன் 501. இன்னும் போனால், கனடாவின் லூயி சீர் 1895ல் பாஸ்டனில் ஒரு மேடைக்கு அடியில் குனிந்து, முதுகால் அந்த மேடையைத் தரையிலிருந்து எழுப்பினார். மேடையில் 18 ஆட்கள். மொத்தம் 4,337 பவுண்டு, 1,967 கிலோ. அசைந்தது கொஞ்சம்தான், ஆனால் அசைந்தது. மூன்று பேரும் மனிதர்களின் உச்சத்தில் நிற்பவர்கள். மூன்று எண்களும் ஒன்றுக்கொன்று ஏணி வைத்தாலும் எட்டாது. எலும்பு எவ்வளவு நேராகத் தாங்குகிறது, எவ்வளவு உயரம் நகர வேண்டும் என்பதைப் பொறுத்து ஒரே உடம்பின் பலம் பல மடங்கு மாறும்.

இதைச் சரியாகப் பிடித்த ஒரே விதி நான் படித்தவரை கர்ப்ஸ் என்கிற இன்னொரு ஆட்டத்தினுடையதுதான், 2004ல் வந்த அதன் நாலாம் பதிப்பு. அதில் பலத்தை பலத்தாலேயே பெருக்கி ஐந்தால் வகுத்தால் ஒரு அடிப்படை எடை வரும். அதைப்போல் இரண்டு மடங்கை ஒரு கையால் தூக்கலாம், எட்டு மடங்கை இரு கையால், பதினைந்து மடங்கை முதுகில் ஏற்றிச் சுமக்கலாம், ஐம்பது மடங்கை லேசாக நகர்த்தலாம். பலம் 20 என்றால் அடிப்படை 80 பவுண்டு. இரு கையால் 290 கிலோ, லேசாக நகர்த்த 1,814 கிலோ. லூயி சீரின் முதுகு ஞாபகத்துக்கு வருகிறதா? என் 110 கிலோவை இதில் போட்டால் பலம் 12 வருகிறது. சராசரி 10. முதல் நாள் 40 கிலோவுக்கு 7. நாலு வருஷத்தில் 7லிருந்து 12. யாராவது என் நோட்டைப் பார்த்து விதி எழுதினார்களோ என்று தோன்றியது. எண்கள் ஏற ஏற எடை வேகமாக ஏறுவதால்தான் இது நடக்கிறது. பெரும்பாலானவர்கள் இருக்கிற நடுப்பகுதி நெருக்கமாகவும், உச்சிக்குப் போகப் போக இடைவெளி அகலமாகவும் இருக்கிறது. 501 கிலோவுக்கு இதிலும் பலம் 26 வரை போக வேண்டும். ஆனால் பளு தூக்கும் திறமை என்று தனியாக ஒன்று உண்டு, அதையும் கூடுதல் முயற்சியையும் சேர்த்தால் அதைவிடக் குறைந்த பலத்திலேயே எட்டலாம்.

அந்தக் கூடுதல் முயற்சி விதிதான் எனக்குச் சாவி கொடுத்தது. உன் எல்லைக்குள் இருக்கிற எடைக்குப் பகடை கிடையாது, தூக்கிவிட்டாய். எல்லையைத் தாண்டிய எடைக்குத்தான் பகடை, எவ்வளவு தாண்டுகிறாயோ அவ்வளவு கடினம், மன உறுதியை வைத்து உருட்ட வேண்டும், ஜெயித்தாலும் தோற்றாலும் களைப்புப் புள்ளி போகும். என் 180 கிலோ கதவை பலம் 16 உள்ளவர் பேசாமல் தூக்குவார். பலம் 15 உள்ளவர் பல்லைக் கடித்துப் பகடை போடுவார். 9 உள்ளவர் வேடிக்கை பார்ப்பார். 105க்கும் 112க்கும் நடுவில் நான் படுகிற பாடு இதேதான்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சூப்பர் ஹீரோக்களுக்காக 1981ல் வந்த சாம்பியன்ஸ் ஆட்டத்தில் பலம் ஐந்து கூடினால் எடை இரட்டிப்பு. 10க்கு 100 கிலோ, 20க்கு 400, 60க்கு 100 டன்னைத் தாண்டும். கட்டடத்தைத் தூக்குகிற ஆளையும் கடைக்குப் போகிற ஆளையும் ஒரே தாளில் எழுத வேறு வழியே கிடையாது. டி அண்ட் டியின் 3.5 பதிப்பிலும் எடை ஏறக்குறைய இப்படித்தான் ஏறியது, நாலாம் பதிப்பில்தான் அதை நேர்கோடாக்கிவிட்டார்கள், எளிமைக்காக; ஐந்தாம் பதிப்பும் அதே நேர்கோட்டைத் தொடர்ந்தது. 3.5ல் இன்னொரு நல்ல விஷயமும் இருந்தது. அவசரம் இல்லை, ஆபத்து இல்லை என்றால் இருபது மடங்கு நேரம் எடுத்துக்கொண்டு 20 விழுந்ததாக வைத்துக்கொள்ளலாம். இரும்புக் கம்பி வளைக்க இலக்கு 24. ஸ்ட்ரெங்த் 18 இருப்பவர் இரண்டு நிமிடத்தில் எந்தக் கம்பியையும் வளைப்பார், 16 இருப்பவர் யுகம் யுகமாக முயன்றாலும் வளைக்க மாட்டார். ரூன்குவெஸ்ட், கால் ஆஃப் கதுலு ஆட்டங்களின் பழைய பதிப்புகள் போன்றவை உன் பலத்தையும் பொருளின் பருமனையும் ஒரு அட்டவணையில் மோதவிட்டன. சமம் என்றால் 50 சதவீதம், ஒவ்வொரு புள்ளி வித்தியாசத்துக்கும் 5. பத்துப் புள்ளி தாண்டிவிட்டால் பகடையைத் தொட வேண்டாம். அவ்வளவு எளிமையாக அவ்வளவு உண்மை.

ஐந்தாம் பதிப்பை எழுதியவர்களுக்கு இது தெரியாது என்று நான் சொல்ல வரவில்லை. எண்களை வேண்டுமென்றே ஒரு குறுகிய வட்டத்துக்குள் கட்டி வைத்தார்கள், சின்ன கேரக்டரும் பெரிய காரியத்தில் கை வைக்க முடியட்டும் என்று. சண்டையில் அது நன்றாக வேலை செய்கிறது. ஒரு சண்டையில் முப்பது பகடை உருளும், தவறுகள் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். கதவுக்கு ஒரே ஒரு பகடை. அங்கே சமன் ஆக இடமே இல்லை. விளைவு சந்தேகமாக இருந்தால் மட்டும் பகடை கேள் என்று டிஎம்முக்கான புத்தகம் சொல்லவும் செய்கிறது. அப்படிப் பார்த்தால் அன்றைக்குத் தப்பு செய்தது நான்தான். ஆனால் எது சந்தேகம், எது சந்தேகமில்லை என்று முடிவு செய்ய அந்த அத்தியாயம் எனக்கு உதவவில்லை. 30ஆல் பெருக்கும் விதி ஒரு மூலையில், இலக்கு 15 இன்னொரு மூலையில்.

இன்னும் கடுப்பான விஷயம் பயிற்சி. ஒன்பதாம் லெவலில், ஸ்ட்ரெங்த் 12 உள்ள திருடன் அத்லெடிக்ஸில் இரட்டைப் பயிற்சி எடுத்தால் அவன் கூட்டல் 9. அதே லெவலில் ஸ்ட்ரெங்த் 20ம் சாதாரணப் பயிற்சியும் உள்ள வீரனின் கூட்டலும் 9. டெட்லிஃப்டில் நுணுக்கம் உண்டு, மறுக்கவில்லை. நுணுக்கம் எனக்குப் பத்துப் பதினைந்து கிலோ கொடுத்திருக்கும். இன்னொரு உடம்பைக் கொடுக்கவில்லை. பார்பேரியனுக்கு ஒரு நீதி இருக்கிறது: பதினெட்டாம் லெவலில், ஸ்ட்ரெங்த் பகடையின் மொத்தம் அவன் ஸ்ட்ரெங்தைவிடக் குறைந்தால் ஸ்ட்ரெங்தையே எடுத்துக்கொள்ளலாம். அருமையான விதி. பதினெட்டாம் லெவல் வரை ஆடிய ஆட்டத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை.

இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால்? ஒருவர் உதவினால் மற்றவர் இரண்டு பகடை போட்டு நல்லதை எடுக்கலாம், அவ்வளவுதான். எட்டுப் பேர் சேர்ந்தாலும் அதே இரண்டு பகடை. சோபா மாற்றிய அனுபவம் உள்ள யாரும் இந்த விதியை எழுதியிருக்க முடியாது.

ஆக, எங்கள் மேஜைக்கு நான் எழுதிக்கொண்டது இது. முதலில் பொருளின் எடையை நான் சொல்வேன், சுமாராக. ஸ்ட்ரெங்தை 30ஆல் பெருக்கிய எடைக்குள் இருந்தால் தூக்கியாகிவிட்டது. அதிலிருந்து கால் பங்கு மேலே வரை பகடை உண்டு, கூடவே ஒரு படி களைப்பும் உண்டு. அதற்கும் மேல் என்றால் வேறு வழி யோசியுங்கள். பலர் சேர்ந்தால் எடைகளைக் கூட்டிப் பத்தில் ஒரு பங்கு கழித்துக்கொள்ளலாம், ஏனென்றால் எல்லாரும் ஒரே நொடியில் நிமிர மாட்டார்கள். தூக்கிய பிறகு எவ்வளவு நேரம் தாங்குகிறாய் என்பதற்குத்தான் நிஜப் பகடை. ரவுண்டுக்கு ஒன்று, கான்ஸ்டிடியூஷன் என்கிற தாங்கும் சக்தியை வைத்து, இலக்கு 10ல் ஆரம்பித்து மூன்று மூன்றாக ஏறும். எண்கள் நிஜத்தோடு பொருந்தவில்லை என்று மேலே இவ்வளவு நேரம் புலம்பியவள் அதே 30ஐ ஏன் வைத்துக்கொண்டாய் என்று கேட்பீர்கள். எல்லாருடைய தாளிலும் அது ஏற்கனவே அச்சாகி இருக்கிறது. சோம்பேறித்தனம்தான்.

போன வாரம் இதைச் சோதித்தோம். கூரையிலிருந்து ஒரு கல் உத்தரம் விழுந்து எங்கள் கூட்டத்துத் திருடன் கேரக்டரின் கால் மாட்டிக்கொண்டது. இரண்டு மீட்டர் நீளம், 40க்கு 30 சென்டிமீட்டர், கன மீட்டருக்கு 2,500 கிலோ. 600 கிலோ என்றேன். தம்பி முகம் தொங்கிவிட்டது. வேங்கைக்கு 272தான்.

"முழுசாத் தூக்கணும்னு யாருடா சொன்னா? ஒரு முனையைத் தூக்கு" என்றேன். ஒரு முனை என்றால் பாதி எடை, மறுமுனையைத் தரை தாங்கும். 300 கிலோ. கால் பங்கு வரம்பு 340. பகடை உண்டு, களைப்பும் உண்டு. அவன் பகடையைக் கையில் எடுத்துக் குலுக்க ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணி, நானும் கூடப் பிடிச்சா?" என்றாள் அவள். மேஜையில் எல்லாரும் சிரித்தார்கள். நான் கணக்குப் போட்டேன். 272ம் 109ம் 381. பத்தில் ஒரு பங்கு போனால் 343. முந்நூறைவிட அதிகம். பகடையே வேண்டாம், கல் மேலே வந்துவிட்டது. சிரிப்பு நின்றது. தம்பி மனைவி தன் தாளைத் திருப்பி, ஸ்ட்ரெங்த் 8 என்று எழுதியிருந்த இடத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

இப்போது தாங்க வேண்டும். திருடன் ஊர்ந்து வெளியே வர இரண்டு ரவுண்டு. கல்லின் பெரும்பாரம் வேங்கையின் தோளில், அதனால் அவன்தான் உருட்ட வேண்டும். இலக்கு 10. அவனுக்குக் கூட்டல் 6.

4 விழுந்தது. தம்பி பகடையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், விரல் விட்டு எண்ணினான். நாலும் ஆறும் பத்து. நின்றுவிட்டது. "முட்டி நடுங்குது, கல் ஒரு விரக்கடை இறங்குது, ஆனா நிக்குது" என்றேன். அடுத்த ரவுண்டுக்கு இலக்கு 13. அவன் உருட்டுவதற்கு முன்னால் அவள் அவன் தோளைத் தட்டினாள், கேரக்டரின் தோளையா, புருஷன் தோளையா தெரியவில்லை. 11 விழுந்தது. 17. திருடன் வெளியே வந்தான், கல் தரையில் விழுந்தது, புழுதி.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "இன்னிக்குத் தாடி கொஞ்சம் உதவிச்சுக்கா."